மைரிங்கன்: தண்ணீர் செதுக்கிய பள்ளத்தாக்கு

லூசர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்குப் போகும் மலை ரயில் நடுவழியில் ஒரு நிலையத்தில் சில நிமிடம் நிற்கும். பிறகு வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். வண்டி தவறாகப் போகிறதோ என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். ரயில் திசை மாறும் அந்த நிலையம்தான் மைரிங்கன். அந்தச் சில நிமிடங்களில் இறங்கிவிடுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. இறங்கினால் குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள்.

பெர்ன் மாநிலத்தின் கிழக்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர் இது. ஹாஸ்லி பள்ளத்தாக்கின் தலைமையிடம். இங்கே பார்க்க வேண்டியவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது தண்ணீர்தான். கிரிம்சல் உச்சியில் பனியாறுகள் உருகி ஆரே ஆறு பிறக்கிறது. அது ஒரு பாறைக்குன்றை இரண்டாக அறுத்து ஊருக்குள் நுழைகிறது. பக்கவாட்டு மலைகளிலிருந்து ரைஹன்பாக்கும் ஆல்ப்பாக்கும் அருவிகளாக விழுகின்றன. அந்த நீர் ஒரு தேவாலயத்தைப் புதைத்திருக்கிறது, அணைகளை நிரப்புகிறது, கடைசியில் பிரியன்ஸ் ஏரியில் கலந்து அதற்கு நிறம் தருகிறது. அதன் வழியைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் தனித்தனிச் சுற்றுலா இடங்கள் ஒரே பள்ளத்தாக்காகச் சேர்ந்து புரியும். இந்த அத்தியாயம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

போய்ச் சேரும் வழி

சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசர்னுக்கு நேரடி ரயில் உண்டு. லூசர்னில் மாறி ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மைரிங்கன். 1,000 மீட்டர் உயரமுள்ள பிரூனிக் கணவாயைக் கடந்து வரும் பாதை இது. ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே ஏணிபோல் ஓர் இரும்புப் பட்டை தெரியும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. 1888-இல் திறந்த பாதை. லூசர்னிலிருந்து வரும்போது வலப்பக்கம், இடப்பக்கம் என்று கவலைப்படாமல் காலியாக இருக்கும் சன்னலைப் பிடியுங்கள். ஏரிகள், மேய்ச்சல் நிலங்கள், கீழே விரியும் ஹாஸ்லி சமவெளி என்று இருபுறமும் காட்சி மாறிக்கொண்டே வரும்.

ஜெனீவா அல்லது பெர்ன் பக்கமிருந்து வருகிறவர்கள் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் மாற வேண்டும். அங்கிருந்து அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேரம் இருந்தால் இன்டர்லாக்கனிலிருந்து பிரியன்ஸ் வரை ஏரிப் படகில் வந்து, அங்கே ரயில் பிடியுங்கள்.

ஊர் சிறியது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் விடுதிகள், கூப், மிக்ரோ பல்பொருள் அங்காடிகள் எல்லாம் இருக்கின்றன. கோடையில் விடுதிகள் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. ஊருக்கு மேற்கே ராணுவ விமானதளம் ஒன்று உண்டு. வார நாட்களில் போர் விமானங்கள் இரைச்சலோடு கிளம்பும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் மலைமேல் ஹாஸ்லிபெர்க் கிராமங்களில் தங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பயண அட்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விஸ் டிராவல் பாஸ் ரயில், அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு மூன்றுக்கும் செல்லும். ஆனால் தனியார் மலை ரயில்களிலும் ரோப் கார்களிலும் பெரும்பாலும் பாதிக் கட்டணச் சலுகை மட்டுமே கிடைக்கும். நீங்கள் ஏறப்போகும் மலைகளைப் பட்டியலிட்டுக் கணக்குப் போட்ட பிறகே எந்த அட்டை என்று முடிவு செய்யுங்கள்.

ஊருக்குள்: புதைந்த கோயிலும் எரிந்த தெருக்களும்

முதல் நாள் மாலையை ஊருக்கே கொடுங்கள். மேற்குறிப்பிட்ட ஆல்ப்பாக் ஓடை ஊருக்குப் பின்னால் செங்குத்தாக இறங்குகிறது. பெருமழைக் காலங்களில் அது கல்லையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு வந்து ஊரைப் பலமுறை மூடியிருக்கிறது. அதன் தடயத்தைப் புனித மிக்கேல் தேவாலயத்தில் பார்க்கலாம். இன்று நிற்கும் கட்டடம் 1684-ஐச் சேர்ந்தது. மணிக்கோபுரம் அதனோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. தேவாலயத்தின் அடியில் இறங்கினால், தரைக்குக் கீழே அகழ்ந்தெடுத்த இடைக்காலக் கோயில்களின் சுவர்கள். வண்டல் ஏற ஏற மக்கள் அதன்மேலேயே அடுத்த கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். 1762-இல் வந்த வெள்ளம் இப்போதைய கோயிலுக்குள்ளும் புகுந்தது. நுழைந்ததும் மேலே பார்க்காமல் முதலில் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் ஓடைகளுக்கு ஏன் இவ்வளவு கனமான கரைகள் கட்டியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

தண்ணீருக்கு அடுத்து இந்த ஊரை ஆட்டிப்படைத்தது காற்று. ஆல்ப்ஸின் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, உலர்ந்து, புயல் வேகத்தில் பள்ளத்தாக்கில் பாயும் ஃபென் என்ற காற்று. மரவீடுகள் நிறைந்த ஊரில் அந்தக் காற்று நாளில் ஒரு பொறி விழுந்தால் போதும். 1879-இல் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1891 அக்டோபரில் மறுபடி எரிந்தது. இன்று காணும் அகலமான நேர்த்தெருக்களும் கல் கட்டடங்களும் அந்த இரண்டாவது தீக்குப் பின் வந்தவை. பழைய மரவீடுகள் வேண்டுமென்றால் பக்கத்துக் கிராமங்களில்தான் தேட வேண்டும். தெருக்களில் நடக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால், மலையூரில் இப்படி ஒரு நகர அமைப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ரைஹன்பாக் அருவியும் ஷெர்லாக் ஹோம்ஸும்

ஆர்தர் கானன் டாயில் தன் துப்பறியும் நாயகனைக் கொன்றுவிட முடிவு செய்து, அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இது. 1893 டிசம்பரில் வெளிவந்த கடைசிப் பிரச்சினை என்ற கதையில், ஹோம்ஸும் அவருடைய பரம எதிரி பேராசிரியர் மோரியார்ட்டியும் இந்த அருவியின் விளிம்பில் கட்டிப்புரண்டு விழுகிறார்கள். கதைப்படி அது நடந்த நாள் 1891 மே 4. வாசகர்கள் விடவில்லை. பத்தாண்டு கழித்து ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். கதையில் ஹோம்ஸும் அவருடைய நண்பர் வாட்சனும் தங்கும் மைரிங்கன், 1891 அக்டோபரில் தீயில் போன பழைய மைரிங்கன். டாயில் எழுதும்போது ஊர் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது.

ஊருக்குள் இருக்கும் கானன் டாயில் சதுக்கத்தில் ஹோம்ஸின் வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கிறது. ஜான் டபுள்டே என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்து 1988-இல் நிறுவியது. டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளுக்கும் ஒவ்வொரு தடயம் சிலையில் மறைந்திருக்கிறது. கதைகளைப் படித்த பிள்ளைகளோடு போனால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். எதிரே, ஆங்கிலப் பயணிகளுக்காகக் கட்டிய சிறு தேவாலயத்தின் அடித்தளத்தில் 1991 முதல் ஹோம்ஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது. பேக்கர் தெரு 221பி வீட்டின் கூடத்தை, கதைகளில் வரும் விவரங்களைக்கொண்டு அப்படியே அமைத்திருக்கிறார்கள்.

அருவிக்குப் போக, ஆற்றின் மறுகரையில் வில்லிகன் பக்கம் நடந்து, கம்பிவட ரயிலில் ஏற வேண்டும். பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே அமைப்பு. 1899-இல் தொடங்கியது. சிவப்பு மரப்பெட்டிகள் பழைய வடிவத்திலேயே இன்றும் ஓடுகின்றன. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை இயங்கும்.

ரைஹன்பாக் பல படிகளாக மொத்தம் 250 மீட்டர் விழுகிறது. மேல்நிலையத்துக்கு எதிரே தெரியும் பெரிய அருவி மட்டும் 120 மீட்டர் அளவு. எதிர்ப்பக்கப் பாறையில் வெள்ளை நட்சத்திரம் ஒன்று தெரியும். கதையின் சண்டை நடந்த இடத்தின் குறி அது. பார்வைமேடையோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து மேலேறும் நடைபாதை அருவியின் தலைப்பைப் பாலத்தில் கடந்து, மறுகரையில் நட்சத்திரம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும். ஏற்றம் செங்குத்து, பாறை ஈரம். பிடிப்புள்ள காலணி இல்லாமல் போக வேண்டாம். அங்கிருந்து மைரிங்கனுக்கு நடந்தே இறங்கலாம்.

ஆற்றின் ஒரு பகுதி மின்சாரத்துக்குப் போவதால் அருவியின் அளவு மாறும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை, பனி உருகும் காலத்தில் பார்ப்பதே சிறப்பு. ஆங்கில ஓவியர் டர்னர் 1802-இல் இங்கே வந்து, பிறகு வரைந்த பெரிய நீர்வண்ண ஓவியத்தில் காட்டிய ஆவேசம் அந்த வாரங்களில் இன்றும் தெரியும்.

ஆரே மலையிடுக்கு

ஹாஸ்லி பள்ளத்தாக்கைக் குறுக்கே அடைத்துக்கொண்டு கிர்ஹெட் என்ற சுண்ணாம்புப் பாறைக்குன்று கிடக்கிறது. பனியுகத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பனியாறு நிரம்பியிருந்தபோது, அதன் அடியில் ஓடிய உருகுநீர் இந்தக் குன்றை அறுக்கத் தொடங்கியது. விளைவு: 1.4 கிலோமீட்டர் நீளம், 180 மீட்டர் வரை ஆழம், சில இடங்களில் கைகளை விரித்தால் இரு சுவரையும் தொட்டுவிடும் அளவு ஒடுக்கம். 1888-இல் பாறையில் துளையிட்டு நடைமேடைகளைப் பொருத்தினார்கள். அதற்கு முன் மனிதர் நடந்து கடக்க வழியே இல்லாத இடம்.

நுழைவாயில் இரண்டு. மேற்கு வாயில் மைரிங்கன் பக்கம், கிழக்கு வாயில் இன்னர்ட்கிர்ஹன் பக்கம். மேற்கிலிருந்து நுழைந்து கிழக்கே வெளியேறுங்கள். இடுக்கு மெல்ல நெருங்கி, வெளிச்சம் குறைந்து, மிக ஒடுங்கிய இடத்தில் ஆற்றின் ஓசை மட்டும் மிஞ்சும்படி அந்த வரிசை அமைகிறது. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். கிழக்கே வெளியே வந்ததும் ஆற்றின்மேல் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அதைக் கடந்தால் பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ரயில் நிலையம். பொத்தானை அழுத்திக் காத்திருங்கள், வண்டி வந்து மைரிங்கனுக்குத் திரும்பக் கூட்டிப்போகும்.

நடைமேடை பெரும்பாலும் சமதளம் என்பதால் வயதானவர்களுக்கும் ஏற்ற இடம். மழை நாளிலும் போகலாம். கோடையின் உச்சத்திலும் உள்ளே குளிரும், ஒரு மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். கோடையில் சில மாலைகளில் விளக்கேற்றித் திறந்து வைப்பார்கள். காலையில் கூட்டமாக இருந்தால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆற்றின் பிறப்பிடம் நோக்கி: கிரிம்சல்

மலையிடுக்கைப் பார்த்த கையோடு, அதே ஆற்றை எதிர்த்திசையில் பின்தொடருங்கள். கோடையில் மைரிங்கனிலிருந்து கிரிம்சல் கணவாய்க்கு அஞ்சல் பேருந்து போகிறது. கணவாயின் உயரம் 2,164 மீட்டர். பனி காரணமாக அந்தச் சாலை வழக்கமாக ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

இன்னர்ட்கிர்ஹனைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. சுண்ணாம்புப் பாறை போய், பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய கிரானைட் வருகிறது. மரங்கள் குறைகின்றன. மேலே, பாறைத் தீவின்மேல் நிற்கும் கிரிம்சல் ஹொஸ்பிட்ஸ் என்ற விடுதியில் இறங்குங்கள். கணவாயைக் கடக்கும் வழிப்போக்கர்களுக்குத் தங்குமிடம் தந்த சத்திரமாக 1142-லேயே ஆவணத்தில் இடம்பெற்றது அது. பழைய சத்திரம் அணைநீரில் மூழ்கிப் போனதால், மேலே இன்றைய கட்டடத்தை எழுப்பினார்கள். மின்சாரத்தால் சூடேற்றிய முதல் விடுதிகளில் ஒன்று என்ற பெருமையும் அதற்கு உண்டு.

ஓபர்ஹாஸ்லி மின்நிறுவனம் 1932-இல் கட்டி முடித்த கிரிம்சல் அணை 114 மீட்டர் உயரம். பழைய சுவரில் சிக்கல் தெரிந்ததால், 2019-இல் அதன் முன்னாலேயே புதிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். நீர் சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். பனியாறு அரைத்த பாறை மாவு அது. ஏரியின் மறுமுனைக்கு அப்பால் உன்டரார் பனியாறு கிடக்கிறது. சுவிட்சர்லாந்துக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆறுகளில் மிக நீளமான ஆரே, 288 கிலோமீட்டர் பயணத்தை அங்கேதான் தொடங்குகிறது. ஹொஸ்பிட்ஸிலிருந்து ஏரிக்கரையோரம் அந்தத் திசையில் நடைபாதை உண்டு. முழுத் தூரமும் போக ஒரு பகல் வேண்டும். ஒரு மணி நேரம் போய்த் திரும்பினாலும் நிலத்தின் பிரமாண்டம் புலப்படும்.

ரோசன்லௌயி

என் கணக்கில் இந்தப் பகுதியின் மிக அழகான பயணம் மைரிங்கனிலிருந்து ரோசன்லௌயி வழியாகக் கிரோஸ ஷைடெக் செல்லும் அஞ்சல் பேருந்துப் பாதை. ரைஹன்பாக் அருவியின் மேல்பகுதிப் பள்ளத்தாக்கு இது. சாலை ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் கொடுக்கும். வளைவுகளில் ஓட்டுநர் மூன்று சுரம் கொண்ட ஊதலை ஒலிப்பார். ரோசினியின் வில்லியம் டெல் இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்த ஊதல் அது, மலைச்சாலைகளில் எதிரே வருகிறவர்களுக்கு எச்சரிக்கை. ஷ்வார்ட்ஸ்வால்டால்ப் என்ற இடத்துக்கு மேல் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. பேருந்தும் சைக்கிளும் நடையும்தான். அதனால்தான் அந்தப் பகுதி இவ்வளவு அமைதியாக இருக்கிறது.

ரோசன்லௌயியில் இறங்கினால் இரண்டு வேலை. முதலாவது, பனியாற்று நீர் குடைந்த மலையிடுக்கு. ஆரே இடுக்கைவிடச் சிறியது, ஆனால் ஏறிக்கொண்டே போவது. தண்ணீர் பாறையைக் கிண்ணங்களாகவும் சுருள்களாகவும் குடைந்திருக்கும் விதத்தை மிக நெருக்கத்தில் காணலாம். படிகள் ஈரமாக இருக்கும். இரண்டாவது, பழைய ரோசன்லௌயி விடுதியின் முற்றத்தில் உட்கார்ந்து ஏங்கல்ஹார்னர் என்ற ஊசிப்பாறை வரிசையைப் பார்ப்பது. பாறை ஏறுகிறவர்களுக்கு அது புகழ்பெற்ற களம். வெல்ஹார்னும் 3,692 மீட்டர் வெட்டர்ஹார்னும் பக்கத்தில் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் இந்த விடுதிக்குப் பக்கத்திலேயே பனியாற்றின் முனையைத் தொட்டுப் பார்த்தார்கள். இன்று அது மலையின் மேல்தோளில் சுருங்கிக் கிடக்கிறது.

நடக்கத் தெம்புள்ளவர்கள் ரோசன்லௌயியிலிருந்து ஷ்வார்ட்ஸ்வால்டால்ப் வரை ஓடையோரமாக நடக்கலாம். ஏற்றம் மிதமானது. அங்கே தண்ணீரால் ஓடும் பழைய மரமறுப்பு ஆலை ஒன்றைச் செப்பனிட்டுக் காத்துவருகிறார்கள். மறுபடி பேருந்து பிடித்து 1,962 மீட்டர் உயரக் கிரோஸ ஷைடெக் கணவாய்க்குப் போய், ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவரைப் பார்த்தபடி கிரிண்டல்வால்டுக்கு இறங்கலாம். அங்கிருந்து இன்டர்லாக்கன் வழியாக ரயிலில் மைரிங்கன் திரும்பினால் ஒரு முழு வட்டம். பேருந்துகள் குறைவு. புறப்படும் முன் கடைசி வண்டியின் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்லிபெர்க்: பிள்ளைகளோடு ஒரு நாள்

மைரிங்கனிலிருந்து ரோப் காரில் ரொய்டி கிராமத்துக்கு ஏறி, அங்கிருந்து அடுத்தடுத்த ஊர்திகளில் மேகிஸால்ப், அதற்கும் மேலே 2,250 மீட்டர் உயர ஆல்பன் டவர் வரை போகலாம். தெளிந்த காலையில் மேலே ஏறினால் பெர்ன் ஆல்ப்ஸ் முழுவதும் வரிசையாக நிற்கும். இறங்கும்போது மேகிஸால்ப்பிலிருந்து பிட்மி வரை குள்ளர் பாதையில் நடந்து வாருங்கள். ஹாஸ்லி மலைகளில் வாழ்வதாகச் சொல்லும் முகெஸ்டுட்ஸ் என்ற குள்ளனின் கதைகளை ஒட்டி, வழியெங்கும் சிறு வீடுகளும் குகைகளும் ஏணிகளும் அமைத்திருக்கிறார்கள். நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் அந்தப் பாதையில் முன்னால் ஓடுவார்கள். நெருப்பு மூட்ட அனுமதித்த இடங்கள் உண்டு, அடுக்கிய விறகும் இருக்கும்.

பிரியன்ஸும் பாலன்பெர்க்கும்

மைரிங்கனிலிருந்து ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிரியன்ஸ். ஏரியின் நீலப்பச்சை நிறம் கிரிம்சலில் பார்த்த அதே பாறை மாவின் வேலை. நீரில் மிதக்கும் நுண்துகள் ஒளியைச் சிதறடிக்கிறது.

மரச்சிற்பத்துக்குப் பெயர்போன ஊர் இது. 1816-இல் கோடையே வராமல் போய்ப் பஞ்சம் வாட்டியபோது, கிறிஸ்டியன் ஃபிஷர் என்ற உள்ளூர்க்காரர் கரடியும் பெட்டியும் செதுக்கிப் பயணிகளுக்கு விற்கத் தொடங்கினார். பள்ளத்தாக்கே அவரைப் பின்தொடர்ந்தது. 1884-இல் தொடங்கிய சிற்பப் பள்ளி இன்றும் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளியும் இங்கே உண்டு. பிரூன்காஸே என்ற சிறு தெருவில் பழைய மரவீடுகளைப் பார்த்துவிட்டுச் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

பிரியன்ஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்கு நீராவி ரயில் கிளம்புகிறது. 1892-இல் தொடங்கி, 7.6 கிலோமீட்டர் தூரத்தில் 1,678 மீட்டர் ஏறுகிறது. ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பல்தண்டவாளம் பழக்கமாகத் தெரிந்தால் வியப்பில்லை. இரண்டிலும் இருப்பது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அமைப்பு. நீலகிரியில் ஓடிய எக்ஸ் வகை என்ஜின்களும் ரோட்ஹார்ன் என்ஜின்களும் வின்டர்தூர் நகரத்தின் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஜூன் முதல் அக்டோபர் வரை ஓடும். நல்ல வானிலை நாளில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம்.

பாலன்பெர்க்குக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். 1978-இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம், 66 ஹெக்டேர் பரப்பு. சுவிட்சர்லாந்து முழுவதிலுமிருந்து இடிபடவிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைக் கல் கல்லாக, கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். லா ஷோ த ஃபோன் ஊரின் 1617-ஆம் ஆண்டு வீட்டில் அடுப்படி முழுவதும் ஒரே மரப்புகைபோக்கிக்குள் அடங்கியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். ஓஸ்டர்முண்டிகன் ஊரின் 1797-ஆம் ஆண்டுப் பண்ணைவீடு மரத்தால் ஆனது. ஆனால் நகரத்துக் கல்மாளிகையாகத் தோன்றும்படி வண்ணம் பூசியிருக்கிறார்கள். வசதி வந்த விவசாயி தன் அந்தஸ்தை எப்படிக் காட்டிக்கொண்டார் என்பதற்கு அந்த முகப்பே சான்று. தெற்கின் டிச்சினோ வீடுகளோ முழுக்கக் கல்.

வெறும் கட்டடங்களாக இருந்தால் சலித்துவிடும். இங்கே அடுப்பு எரிகிறது, பாலாடைக்கட்டி காய்கிறது, கூடை முடைகிறார்கள், லேஸ் பின்னுகிறார்கள், கொல்லன் உலை ஊதுகிறான், தொழுவத்தில் மாடும் ஆடும் நிற்கின்றன. கைவினைஞர்களிடம் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள், பொறுமையாக விளக்குவார்கள். பிரியன்ஸிலிருந்தும் பிரூனிக்கிலிருந்தும் பேருந்து உண்டு. ஒரு வாயிலில் நுழைந்து மறுவாயிலில் வெளியேறும்படி திட்டமிட்டால் நடந்த வழியே திரும்ப நடக்க வேண்டாம். ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை திறந்திருக்கும்.

எந்த மாதம்?

அருவிக்கு ஜூன், நடைக்கும் கணவாய்களுக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. எல்லாம் திறந்திருந்து கூட்டம் குறையும் செப்டம்பரே என் தேர்வு. ஏப்ரலிலும் நவம்பரிலும் மலை ஊர்திகள் பலவற்றைப் பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு மாதங்களையும் தவிருங்கள்.

குளிர்காலத்தில் ஹாஸ்லிபெர்க்கில் பனிச்சறுக்கு உண்டு. அதைவிட அரிய ஒன்று கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே நடக்கிறது. கிறிஸ்துமஸ் நள்ளிரவு கடந்ததும் ஹாஸ்லி கிராமத்தார் டிரிஹெல் எனும் கனத்த மணிகளை இடுப்புயரத்தில் தூக்கி, மேளத்தின் தாளத்துக்கு ஒரே அடியாக அசைத்தபடி இரவில் ஊர்வலம் போவார்கள். தீய ஆவிகளை விரட்டும் பழைய சடங்கு. ஆண்டின் கடைசி வேலை நாளன்று ஊபர்சிட்ஸ் என்ற பெரிய ஊர்வலத்தோடு அது முடியும். பார்க்க வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். வரிசைக்குள் புகுந்து படம் எடுப்பது ஊராருக்குப் பிடிக்காது, அது அவர்கள் தங்களுக்காக நடத்தும் சடங்கு.

சாப்பாடு

முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் சுட்டெடுக்கும் மெரிங்கு இனிப்பு இந்த ஊரில்தான் பிறந்தது என்பது உள்ளூர் நம்பிக்கை. ஆவணச் சான்று இல்லை. ஆனாலும் கெட்டிப் பாலேட்டோடு இங்கே பரிமாறும் மெரிங்கைத் தவறவிட வேண்டாம். ஹேஸல் கொட்டை வைத்த ஹாஸ்லி கேக்கும், கோடை மேய்ச்சல் நிலத்தில் செய்த மலைப் பாலாடைக்கட்டியும் வாங்க வேண்டியவை.

சைவ உணவுக்காரர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கை வறுத்த ரோஸ்டியிலும், ஆல்ப்ளர்மக்ரோனன் என்ற பாலாடைக்கட்டி மக்ரோனியிலும் பன்றி இறைச்சித் துண்டு கலப்பது வழக்கம். “ஓனே ஃப்ளைஷ்” என்று சொன்னால் இறைச்சியில்லாமல் தருவார்கள். மரபான பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறைய வைப்பவை. அதைத் தவிர்ப்பவர்கள் பொட்டலத்தில் உள்ள விவரத்தைப் படித்து வாங்குங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய் நீரும், குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு இல்லாத தெரு ஊற்றுகளின் நீரும் நல்ல குடிநீர். புட்டியில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

 

பாதையும் பாதுகாப்பும்

நடைபாதைக் குறிகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, தலைசுற்றல் இல்லாதவர்களும் நல்ல காலணி உள்ளவர்களும் மட்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை ஆல்ப்ஸ் அனுபவம் உள்ளவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரம் ஓய்வைச் சேர்க்காதது, உள்ளூர்க்காரர் வேகத்தில் கணக்கிட்டது. நம் குடும்பங்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஆற்றங்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். மேலே மின்நிலையங்கள் நீரைத் திறந்தால், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு திடீரென்று உயரும். கூழாங்கல் படுகையில் இறங்கி நின்று படம் எடுக்க வேண்டாம். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுக்களை நெருங்காதீர்கள். நாம் நினைப்பதுபோல் சாதுவல்ல, கன்றைக் காக்கப் பாயும். திறந்த வேலிக்கதவைக் கடந்ததும் மூடுங்கள். ஃபென் வீசும் நாளில் ரோப் கார்கள் நின்றுபோகலாம், வெளியில் நெருப்பு மூட்டவே கூடாது.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 144, காவல் 117, பொது அவசரம் 112, மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414. மீட்புச் செலவு பெரிது. பயணக் காப்பீட்டில் மலை மீட்பும் அடங்கியிருக்கிறதா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்களை அடுக்கும் விதம்

தேதி போட்டு இடங்களை நிர்ணயித்துக்கொண்டு இங்கே வராதீர்கள். இடங்களின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாள் மாலையும் அடுத்த நாள் வானிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வானம் தெளிந்த நாள்: ரோட்ஹார்ன், அல்லது ஆல்பன் டவர், அல்லது ரோசன்லௌயி வழியாகக் கிரோஸ ஷைடெக். முதல் வண்டியில் ஏறுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் கட்டிக்கொள்ளும்.

அரைகுறை மேகம்: காலையில் ஆரே மலையிடுக்கு, அங்கிருந்து கிரிம்சல்.

மழை: தேவாலயத்தின் அடித்தளம், ஹோம்ஸ் அருங்காட்சியகம், பாலன்பெர்க். மழை விட்ட மறுநாள் காலை ரைஹன்பாக். அருவி மிகப் பெருத்திருக்கும் நேரம் அது.

ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால், காலையில் ரைஹன்பாக், மதியம் ஆரே மலையிடுக்கு, மாலை ரயிலுக்கு முன் தேவாலயம். இந்த மூன்றும் நடந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே நீர் ஓரிடத்தில் விழுவதையும், ஓரிடத்தில் அறுப்பதையும், ஓரிடத்தில் புதைப்பதையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம். மூன்று இரவு தங்குகிறவர்கள் அந்த நீரைப் பனியிலிருந்து ஏரி வரை முழுவதுமாகப் பின்தொடர முடியும். அதற்கு வாய்ப்பிருந்தால் சூரிச்சிலோ லூசர்னிலோ ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு, அதை மைரிங்கனுக்குக் கொடுங்கள்.